விறகை லிட்டரில் வாங்கும் பேராண்டிக்கு

பேராண்டி,

நார்வேயில வீடு வாங்கின சங்கதியும், அந்த வீட்டுக்குள்ள விறகடுப்பு வச்ச சங்கதியும் ஒரே நாள்ல வந்து சேந்துச்சு. முதல் சங்கதிக்கு உங்க அப்பத்தா சாமிக்குக் காசு முடிஞ்சு வச்சா. ரெண்டாவதுக்குத்தான் முழிச்சா. "கேஸு வந்த பெறகுதான் என் கண்ணுல தண்ணி வடியறது நின்னுச்சு. இந்தப் பய கடல் தாண்டிப் போயி விறகடுப்பா வாங்கியிருக்கான்?"னு கேட்டா. சமைக்க இல்லடி, குளிர் காயன்னேன். கண்ணாடிக் கதவு போட்ட அந்த இரும்புப் பெட்டிப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல ஒரு உலை கூட வைக்க முடியாது போலயே, இதுக்கா உழவு மாட்டு விலை?"ன்னா. பதில் சொல்ல வாய் வரலை எனக்கு.

அது இருக்கட்டும். வீட்டை எப்படிச் சூடாக்குறதுன்னு போயும் போயும் கோவில்பட்டிக்காரன் கிட்ட யோசனை கேக்கியே, உனக்குத் தைரியம்தாம்லே. வீட்டை எப்படி ஆத்துறதுன்னு கேளு, சொல்றேன். மொட்டை மாடியில சுண்ணாம்பு அடி, வாசல்ல வேப்பமரம் வை, பொழுது சாஞ்சதும் முத்தத்துல தண்ணி தெளி, கட்டிலைத் தூக்கி வெளிய போடு. குளிருக்கு எங்ககிட்ட இருக்கிற சாஸ்திரம் ரொம்பச் சின்னது. மார்கழிப் பனியில சாக்கைப் போத்திக்கிட்டு, நாலு செத்தையைக் கூட்டித் தீ மூட்டி, சுத்தி உக்காருவோம். ஊர்க்கதை பாதியில இருக்கும்போதே வெயில் வந்து எழுப்பி விட்டுரும்.

நம்ம ஊர் வாத்தியார்கிட்ட இதைச் சொன்னா அவரு விடல. தமிழன் வீட்டுக்குள்ள குளிர் காய்ஞ்சவன்தான்யான்னாரு. நெடுநல்வாடைன்னு ரெண்டாயிரம் வருசத்துக்குப் பக்கமா ஒரு பாட்டாம், நக்கீரர் பாடினதாம். அடைமழை, வாடைக்காத்து. டவுன்ல இருக்கிற பெரிய வீட்டுக்காரங்க சன்னலைச் சாத்திக்கிட்டு, வாய் அகண்ட சட்டியில நெருப்பை நிரப்பி வச்சுக் காஞ்சாங்களாம். வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு மாடு பத்திக்கிட்டுப் போன கோனார்களுக்கு அந்தச் சட்டியும் இல்ல. கையில கொள்ளிக்கட்டையைப் பிடிச்சுக்கிட்டு, கன்னம் அடிச்சுக்கிட்டு நடுங்கினாங்களாம். அப்பவே பாத்துக்கோ, கணப்புச் சட்டி டவுன்காரனுக்கு, கொள்ளிக்கட்டை நமக்கு. நீ இப்பத்தான் சட்டி வாங்கியிருக்க. அதனால சொல்றேன், கேளு. எங்களுக்குக் குளிர் காயத் தெரியாதே தவிர விறகு எரிக்கத் தெரியும். விறகைக் கரியாக்கி வித்தே உங்க அப்பனைப் படிக்க வச்சவன் நான்.

முதல்ல விறகு. அங்க சாக்குல வருதுன்னு எழுதியிருந்த. 40 லிட்டர் சாக்கு, 60 லிட்டர் சாக்கு. விறகை லிட்டர்ல விக்கிற ஊரை இப்பத்தான் கேள்விப்படுறேன். இங்க கட்டு, வண்டி, இல்லன்னா டன்னு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எடையில விக்கிறவன் தண்ணி தெளிப்பான். எங்க ஊர் விறகுக்கடையில ராத்திரியில மழை பெய்யும், வானத்துல மேகமே இருக்காது. அளவுல விக்கிறவன் தண்ணி தெளிக்க மாட்டான், சந்து விடுவான். நெளிஞ்ச கட்டையாப் பாத்துச் சாக்குல போட்டா பாதிச் சாக்கு காத்து. நீ காத்துக்குக் குரோனர் எண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கியான்னு ஒரு நா எல்லாத்தையும் வெளிய எடுத்து அடுக்கிப் பாரு.

அடுத்து ஈரம். இதுதாம்லே சங்கதியே. அப்பத்தான் வெட்டின மரத்துல ஏறக்குறையப் பாதி எடை தண்ணி. அதைக் கொண்டுபோய் அடுப்புல வச்சா நீ மரத்தை எரிக்கலை, தண்ணியைக் காய்ச்சுற. உங்க ஊர்க் குளிர்ல கிடக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்க எவ்வளவு சூடு ஆகுமோ, கொதிச்ச பெறகு அதை ஆவியாக்க அதைப்போல அஞ்சு மடங்குக்கு மேல ஆகும். அத்தனை சூடும் உன் காலுக்கு வராம புகைக்கூண்டு வழியா வானத்துக்குப் போகும். நார்வேக்காரனுக்கு வானத்தைச் சூடாக்கித் தாரேன்னு நீ ஏதும் வேண்டுதல் வச்சிருக்கியா?

நூத்துக்கு இருபதுக்குக் கீழ ஈரம் இருக்கணும்னு அங்க சொல்றாங்களாமே, அளக்க ரெண்டு ஊசி வச்ச கருவி வேற வாங்கியிருக்கியாமே. சிரிச்சுக்கிட்டேன். உங்க அப்பத்தா ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுவா. கணீர்னு கேட்டா அடுப்புக்கு, பொத்துனு கேட்டா வெயிலுக்கு. வெட்டுவாயில நட்சத்திரமா வெடிப்பு விட்டிருக்கான்னு பாப்பா. தப்பித்தவறி ஈரக்கட்டை அடுப்புக்குள்ள போயிட்டா, எரியாத நுனியில புசுபுசுன்னு நுரை தள்ளும், சீத்துன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா அவ கட்டையைத் திட்ட மாட்டா, என்னையத்தான் திட்டுவா. வெட்டிக் கொண்டாந்தவன் நான்தானே.

எந்த மரம்னு கேட்ட. எங்களுக்கு அந்தக் கவலையே வரவிடாம வெள்ளைக்காரன் ஒரு காரியம் பண்ணிட்டுப் போனான். 1877-ல ஆந்திராவுல கடப்பைப் பக்கம் வேலிக்கருவை விதையைக் கொண்டாந்து போட்டான். விறகுப் பஞ்சம் தீரட்டும்னு வந்த மரம். விறகுப் பஞ்சம் தீந்துச்சு, நிலம் தீந்துபோச்சு. விளாத்திகுளத்துல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் கண்மாய்க்குள்ளயும் தரிசுலயும் அதுதான். 2017-ல கோர்ட்டு அதை வெட்டிப் புடுங்கச் சொல்லுச்சு. அதே வருசம் கோர்ட்டே கொஞ்சம் பொறுங்கன்னும் சொல்லுச்சு. ரெண்டு உத்தரவையும் மரம் படிக்கலை. ஆனா அடுப்புக்குன்னு வந்துட்டா அது ராசா. கனத்த கட்டை, நின்னு எரியும், கங்கு விழுந்தா வெகுநேரம் தாங்கும். பருத்திமாரும் துவரைமாரும் அப்படி இல்ல, குபீர்னு பிடிச்சுக் குபீர்னு அணைஞ்சிரும், பத்தவைக்கத்தான் அது. சோளத்தட்டையைத் தொடவே கூடாது. அது காளைக்குச் சோறு.

உனக்கு அங்க பிர்ச்சு மரம். வெள்ளைப் பட்டை, எண்ணெய்ப் பசை உள்ள பட்டை, நம்ம பனஞ்சில்லாட்டை மாதிரி தீக்குச்சியைக் காட்டினதும் பிடிச்சுக்கும். குளிர் முடியற நேரத்துல வெட்டி, பிளந்து, கோடை பூராவும் வெயிலும் காத்தும் படுற மாதிரி அடுக்கி, அடுத்த குளிருக்கு எரிக்கணும்னு அந்த ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. கேட்டுக்கோ. பிளக்காம உருண்டையா வச்சா பட்டை ஈரத்தை வெளிய விடாது. அடுக்குல பட்டை மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமான்னு மட்டும் யார்கிட்டயும் கேட்டுறாத. 2013 பிப்ரவரியில அங்க சர்க்காரு டிவியில விறகைப் பத்திப் பன்னெண்டு மணி நேரம் நிகழ்ச்சி போட்டானாம். அதுல எட்டு மணி நேரம் சும்மா அடுப்பு எரியறதைக் காட்டினானாம். பாத்தவங்கள்ல கொஞ்சப் பேரு குத்தம் கண்டுபிடிச்சு எழுதினாங்களாம். பாதிப் பேரு ஏன் பட்டையை மேல பாக்க அடுக்கினன்னு, பாதிப் பேரு ஏன் கீழ பாக்க அடுக்கினன்னு. இதை உங்க அப்பத்தாகிட்டச் சொன்னேன். "எட்டு மணி நேரம் அடுப்பைப் பாத்துக்கிட்டே இருந்தானா? அவன் வீட்டுல ஒரு கை உதவிக்கு அனுப்பச் சொல்லு"ன்னா.

இப்பக் காத்து. நெருப்பு விறகைத் தின்னுதுன்னு நெனைக்காத. விறகுல இருந்து கிளம்புற புகையைத் தின்னுது, காத்தைத் தொட்டுக்கிட்டுத் தின்னுது. நீ சின்னப் பிள்ளையில அடுப்பாங்கரையில உக்காந்து பாத்திருப்ப, மறந்திருப்ப. அடுப்பு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கும், புகை சுருள் சுருளா வரும். அப்பத்தா ஊதுகுழலை எடுத்துத் தரையோட தரையா சாஞ்சு, கங்கைப் பாத்து ஒரே ஊது. புஸ்ஸுன்னு அந்தப் புகையே தீயாப் பிடிச்சுக்கும். பாத்தியா? புகைன்னா எரியாமப் போன விறகு, அம்புட்டுத்தான். கூண்டுல புகை போகுதுன்னா துட்டு போகுது.

நார்வேக்காரன் இதைச் சட்டமாவே போட்டுட்டான். 1998-க்குப் பெறகு அங்க புதுசா விக்கிற அடுப்பு எல்லாம் புகையை உள்ளயே இன்னொரு தடவை எரிச்சு விடணும். மேல பக்கமா சூடான காத்தை விட்டு எரிக்க வைக்கான். அப்பத்தாவோட ஊதுகுழலை இரும்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். அதோட, அடுக்கின விறகுக்கு உச்சியில பத்த வை, கீழ பத்த வைக்காதேன்னும் சொல்றானாமே. முதல்ல இது என்ன கூத்துன்னுதான் இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா காரியக்காரன் அவன். கீழ பத்த வச்சா மேல இருக்கிற குளிர்ந்த கட்டை எல்லாம் சேந்து புகையக் கக்கும். உச்சியில தீ இருந்தா கீழ இருந்து கிளம்புற புகை தீயைத் தாண்டித்தான் போகணும். சுங்கம் கட்டாமப் போக முடியாது.

ராத்திரி படுக்கும்போது காத்தை நல்லா மூடிட்டுப் படுப்பேன், விடிய விடியக் கட்டை கனிஞ்சுக்கிட்டே இருக்கும்னு பெருமையா எழுதியிருக்க பாரு, அங்ஙனதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அட கிறுக்குப் பயலே, அதுக்குப் பேரு குளிர் காயறது இல்லலே. அதுக்குப் பேரு கரிமூட்டம்.

மூட்டம் போடுறதைச் சொல்றேன். வேலிக்கருவையைத் தோதா வெட்டி நெருக்கி அடுக்கணும். பெரிய கட்டை நடுவுல, சந்துல எல்லாம் சிம்பு. மேல தழையோ வைக்கோலோ பரப்பி, அதுக்கு மேல மண்ணைக் குழைச்சுப் பூசணும். தீயைக் கொடுத்துட்டு, மூச்சு விட மட்டும் அங்கங்க ஓட்டை. முதல்ல வெள்ளை வெளேர்னு கொழுத்த புகை வரும், அது தண்ணி. நாள் போகப் போகப் புகை மெலிஞ்சு நீலம் பாரிக்கும். அப்பக் கரி ஆயிருச்சுன்னு அர்த்தம், ஓட்டையை அடைச்சிரணும். கண் அசந்தா போச்சு. நம்ம மண்ணு காஞ்சா வெடிக்கும், வெடிப்பு வழியா காத்து உள்ள போச்சுன்னா விடிஞ்சு பாக்கும்போது கரி இருக்காது, சாம்பல்தான். அதுக்காகவே மூட்டத்துக்குப் பக்கத்துலயே சாக்கை விரிச்சுப் படுப்போம். அஞ்சு டன் விறகு போட்டா ஒரு டன் கரி தேறுச்சுன்னா ஆண்டவன் புண்ணியம். மிச்சம் எல்லாம் புகை. அந்தப் புகையில தாரு இருக்கும், நாத்தம் இருக்கும், குடிச்சா ஆளைச் சாய்க்கிற விசக்காத்தும் இருக்கும். அதனாலதான் மூட்டத்தை ஊருக்கு வெளிய காட்டுல போடுறோம்.

நீ மெத்தைக்குப் பக்கத்துல போட்டிருக்க! காத்தை அடைச்சா உன் அடுப்புலயும் அதே தாருதான் கிளம்பும். கூண்டுக்குள்ள போயிக் குளிர்ந்து கறுப்பா ஒட்டும். ஒட்டினது சும்மா இருக்காது, ஒருநா நீ கொழுத்த தீ போடும்போது கூண்டுக்குள்ளயே பத்திக்கும். கூரையோட போகும். பெறகு அந்த விசக்காத்து. மணமும் இல்ல, நிறமும் இல்ல, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். கொடைக்கானலுக்குச் சுத்திப் பாக்கப் போற பிள்ளைக, அறைக்குள்ள கரி அடுப்பை வச்சு, கதவைச் சாத்திட்டுப் படுத்து, எந்திக்காமலே போன சேதியைப் பேப்பர்ல பாத்திருப்பியே. விசக்காத்து கசிஞ்சா கத்துற கருவி அங்க விக்காமலா இருப்பான்? ஊசிக் கருவிக்கு முந்தி அதையில்லடா வாங்கியிருக்கணும். தீ போடுறதுன்னா சின்னதா, சுறுசுறுப்பாப் போடு. எரியட்டும், சூடு குடுக்கட்டும், கங்காகி அணையட்டும். ராத்திரிக்குக் கம்பளி இருக்கு, கல்யாணமும் பண்ணி வச்சிருக்கோம்.

கூண்டு துடைக்க முனிசிபாலிட்டியில இருந்து ஆள் வாராருன்னு எழுதியிருந்தியே, அந்த மனுசனுக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. விளையாட்டுக்குச் சொல்லலை. இங்க 1983-ல டெல்லியில இருந்து புகையில்லா அடுப்புத் திட்டம் வந்துச்சு. மண்ணடுப்பு, சுவத்தோரமா குழாய், புகை மேல போயிரும். நல்ல யோசனைதான். குழாய்ல கரி அடைஞ்சா துடைக்கணுமில்ல? அதுக்கு ஆளும் போடலை, சொல்லியும் தரலை. அடைஞ்ச குழாயில போக வழியில்லாத புகை திரும்பவும் பொம்பளைக கண்ணுக்கே வந்துச்சு. குழாயைப் புடுங்கி ஆட்டுக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுத்த வீடுக உண்டு. இங்க அடுப்பை மட்டும் குடுத்தாங்க. அங்க அடுப்புக்கு ஒரு ஆளையும் குடுத்திருக்கான். 2007-ல இலவசக் கேஸ் அடுப்பு வந்த பெறகும் உங்க அப்பத்தா அதைக் கொஞ்ச நாள் சேலைத்துணி போட்டு மூடித்தான் வச்சிருந்தா, விருந்தாளிக்குக் காப்பி போட மட்டும். இந்த எரிக்கிற வித்தை எல்லாம் அவகிட்ட இருந்து வந்ததுதான். நான் விறகு வெட்டினேன், மூட்டம் போட்டேன். அடுப்பாங்கரையில குனிஞ்சு ஊதின நாளு எனக்கு ஞாபகத்துல இல்ல.

ஊட்டியில பங்களாவுக்குப் பங்களா கணப்பு கட்டி வச்சானே வெள்ளைக்காரன், அந்தக் கதையும் கேட்டுக்கோ. சுவத்துல திறந்த பொந்து. பாக்க அழகு. சூட்டுல முக்காவாசி கூண்டோட போயிரும், முகம் பொசுங்கும், முதுகு விறைக்கும். அதுக்குச் சோலைக்காட்டை வெட்டி எரிச்சான். விறகு தட்டுப்பாடு வரவும் 1843 வாக்குல ஆஸ்திரேலியாவில இருந்து யூகலிப்டஸ் கொண்டாந்து நட்டான். இன்னைக்கு ஊட்டிக்குப் போனா தைல வாசம் அடிக்குதுன்னு சொல்லிச் சிரிக்கோம், அது வெள்ளைக்காரன் குளிர் காய்ஞ்ச வாசம். நூறு டாலர் நோட்டுல படம் போட்டிருக்கிற பிராங்க்ளின் 1740-கள்லயே அந்தப் பொந்து வேண்டாம், இரும்புல செய்னு சொல்லிட்டாராம். ஊட்டித் துரைமாருக்கு அந்தச் சேதி வந்து சேரலை போல. நீ இரும்பு வாங்கினது சரி.

சாம்பலைத் துடைச்சு எடுத்துறாத, கீழ ஒரு விரற்கடை கிடக்கட்டும், அடுத்த தீக்கு மெத்தை. மிச்சத்தை இரும்பு வாளியில அள்ளி, மூடி போட்டு, வெளிய வை. பிளாஸ்டிக்கு ஆகாது. மேல ஆறிப்போன சாம்பலுக்குள்ள மறுநாளும் கங்கு கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கும். நாங்க அதை நம்பித்தான் ராத்திரி கங்கை மூடி வச்சு, காலையில கிளறி அடுப்பு மூட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரி சிரட்டையில வந்து நெருப்பு வாங்கிட்டுப் போவா. தீப்பெட்டி செய்யிற ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒரு குச்சியை மிச்சம் பிடிச்சோம் நாங்க. விறகு அடுக்கை அடுப்பை ஒட்டி வைக்காத. ராசாவுக்குப் பக்கத்துல இருக்கிறவன் எவ்வளவு தள்ளி இருக்கணும்னு வள்ளுவரு குளிர் காயறவனை வச்சு ஒரு அளவு சொல்லியிருக்காருல்ல, விறகுக்கும் அதே அளவுதான்.

பத்தவைக்க லைட்டர் வாங்குனியோ, உன்னோட பேச்சு வார்த்தை கிடையாது. அந்தச் சவத்தால நம்ம ஊரு தீப்பெட்டி ஆபீஸு எத்தனை படுத்துப் போச்சு. 2021 டிசம்பர்ல பெட்டி ஒரு ரூவாயில இருந்து ரெண்டு ரூவா ஆச்சு, அதுக்கு முந்தி பதினாலு வருசம் ஒரு ரூவாயிலேயே கிடந்துச்சு. 2023-ல இருபது ரூவாய்க்குக் கீழ இருக்கிற லைட்டரை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு டெல்லியில தடை போட்ட பெறகுதான் இங்க கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அடுத்த தடவை வர்றப்போ ஒரு பண்டல் தீப்பெட்டி வாங்கிக் குடுப்பேன்னுதான் இருந்தேன், பிளேன்ல ஏத்த மாட்டான்னு வாத்தியார் சொல்லிட்டாரு. கடலைமிட்டாய்தான் குடுத்து விடணும். அதுக்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்திருக்கான், பிளேன்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

இம்புட்டும் சொன்னதுக்குக் கூலி கேக்காமப் போவேன்னு நெனைக்காத. அந்த ரெண்டு ஊசிக் கருவி ஒண்ணு வாங்கி அனுப்பு. நான் சிரிச்சது வாஸ்தவம்தான். இங்க விறகு எடுக்க வர்ற யாவாரி ஈரக்கழிவுன்னு சொல்லி டன்னுக்கு இம்புட்டுன்னு அவன் வாய்க்கு வந்ததைக் கழிச்சுட்டுப் போறான். கட்டையைத் தட்டிக் காட்டினா அவனுக்குக் காது கேக்க மாட்டேங்குது. கருவியில நம்பரு வந்தா கண்ணு தெரியுதான்னு பாப்போம். பேட்டரியும் சேத்து அனுப்பு, பில்லை மட்டும் அனுப்பாத.